ஆபீஸ் வக்கீல் நம்ம வக்கீல் ஆக மாட்டார்: உள்ளாட்சியில் கூலிப் பாக்கி கேட்கப் போகிறவர்களுக்கு

காலை ஆறரை மணி, வார்டு ஆபீஸ் வாசல். தள்ளுவண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு வருகைப் பதிவுக்காகப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தர் கட்டாகக் காகிதம் கொண்டுவந்து, "அக்கா, கூலி உயர்வு கேஸுக்கு ஆபீஸே வக்கீல் வச்சுக் குடுக்குது, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். முப்பத்தேழு பேர் போட்டார்கள். அந்த ஆபீஸில் தற்காலிகமாகப் பில் எழுதிக்கொண்டிருந்த நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அது வக்காலத்து, நமக்காக வழக்கு நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தருகிற தாள். அதில் இருந்த வக்கீல் பெயர் எனக்குப் பழக்கமானதுதான், அந்தப் பெண்களை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரருக்கு வருடக்கணக்கில் ஆஜராகிறவர். கொஞ்ச நாளில் அந்தக் கேஸ் "சமரசம்" ஆகிவிட்டது. என்ன சமரசம் என்று கையெழுத்துப் போட்ட ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அன்றைக்கு வாய் திறக்கத் தைரியம் இல்லை, நானும் தினக்கூலிதான்.

அதற்கப்புறம் எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. நான் வக்கீல் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வக்கீலிடம் போவதற்கு முன்னால் கையில் என்ன இருக்க வேண்டும், எந்த வக்கீலிடம் போக வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும், இந்த மூன்றும்தான் இங்கே. தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எதில் வேலை பார்த்தாலும் சரி, தூய்மைப் பணியாளர், தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர், கொசு மருந்து அடிக்கிறவர், டிரைவர், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் யாராக இருந்தாலும் சரி, இது பொருந்தும்.

முதலில் எதைக் கேட்கிறீர்கள் என்று பிரியுங்கள்

"நியாயமான சம்பளம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் மூன்று தனித்தனிக் கோரிக்கைகள் இருக்கின்றன. அவற்றை ஒரே மனுவில் குழப்பியதால் பாழான கேஸ்கள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

ஒன்று, குறைந்தபட்சக் கூலி. அரசு ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறது, உங்களுக்கு அதைவிடக் குறைவாகத் தருகிறார்கள், வித்தியாசத்தைக் கொடு. வெறும் கணக்கு. பழைய 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளாட்சி வேலை இருந்தது, தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பணிகளுக்கென்று 2017 அக்டோபர் 11ஆம் தேதியிட்ட அரசாணை (2டி) எண் 62 உண்டு, அதில் ஒவ்வொரு வேலைக்கும் அடிப்படைக் கூலியும் அதன் மேல் அகவிலைப்படியும் வரும். அகவிலைப்படி வருடா வருடம் ஏப்ரலில் மாறும். இது தவிர மாவட்ட ஆட்சியர் வருடத்துக்கு ஒருமுறை நிர்ணயிக்கிற நாள் கூலியும் பல ஊர்களில் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் எப்போதும் இரண்டில் குறைந்ததைத்தான் காட்டுவார், இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, சம வேலைக்குச் சம ஊதியம். நிரந்தரப் பணியாளர் செய்கிற அதே வேலையை நான் செய்கிறேன், அவருக்கு ஒரு சம்பளம் எனக்கு ஒரு சம்பளமா என்கிற கேள்வி. 2016இல் பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காலிகப் பணியாளர்களுக்கும் இந்தக் கொள்கை உண்டு என்று சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில், வேலை ஒன்றுதான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு கேட்கிறவர் தலையில்தான் இருக்கிறது. "நானும் தெரு கூட்டுகிறேன், அவரும் கூட்டுகிறார்" என்றால் போதாது. எத்தனை தெரு, எந்த நேரம், யார் மேற்பார்வை, யார் கையெழுத்து, எல்லாம் வேண்டும்.

மூன்றாவது, பணி நிரந்தரம். இதுதான் எல்லோருக்கும் ஆசை, இதுதான் ரொம்ப நீளமும். முறைப்படி தேர்வாகாத தற்காலிகப் பணியாளர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்ற 2006 உமாதேவி வழக்குத் தீர்ப்பைக் காட்டி எந்த அலுவலகமும் கதவைச் சாத்தும். அண்மையில் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கிலும், 2025 ஜனவரியில் காசியாபாத் மாநகராட்சித் தோட்டப் பணியாளர்கள் வழக்கிலும், வருடக்கணக்காக நிரந்தர வேலையைத் தற்காலிகம் என்ற பெயரில் வாங்கிக்கொண்டு உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தோட்டக்காரர்கள் 1998இலிருந்து வேலை பார்த்தவர்கள், தகராறு நிலுவையில் இருக்கும்போதே 2005இல் வெளியே அனுப்பப்பட்டவர்கள். மறுபடி வேலையும் பாதிச் சம்பளப் பாக்கியும் கிடைக்க இருபது வருடம் ஆனது. இருபது வருடம்! அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் நிரந்தரம் கேட்கப் போக வேண்டும்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்களே, அங்கே தனியாருக்கு மாற்றாதே, நிரந்தரமாக்கு, கூலியைக் குறைக்காதே, எல்லாம் சேர்ந்தே ஒலித்தது. தெருவில் அப்படித்தான் ஒலிக்க வேண்டும். மனுவில் சேர்த்தால் கதை வேறு. கூலி வித்தியாசத்தைக் கணக்கிட்டு உத்தரவு போடக்கூடிய அதிகாரி, மனுவில் "நிரந்தரம்" என்ற சொல்லைப் பார்த்ததும் "இது என் அதிகாரத்தில் வராது" என்று மொத்தத்தையும் திருப்பிவிடுவார். அதனால் என் பேச்சைக் கேட்டால், குறைந்தபட்சக் கூலியை முதலில் தனியாகப் போடுங்கள். மற்றவை வேறு காகிதத்தில் வேறு இடத்துக்குப் போகட்டும்.

கணக்கு

வக்கீலிடம் போய் "ரொம்பக் கம்மியா தர்றாங்க சார்" என்றால் அவரும் என்ன செய்வார். ஒரு நோட்டு வாங்குங்கள், மாதத்துக்கு ஒரு பக்கம். எத்தனை நாள் வேலை, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்களா, எத்தனை மணிக்கு விட்டார்கள், பேங்கில் எவ்வளவு விழுந்தது, எந்தத் தேதியில் விழுந்தது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர், மாதக் காலண்டரில் வேலைக்குப் போன நாளில் குங்குமத்தால் பொட்டு வைப்பார், கூப்பிட்டு வைத்து வேலை வாங்கிய ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பொட்டு. மூன்று வருடக் காலண்டரையும் சுருட்டி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த வருகைப் பதிவேட்டில் எல்லா மாதமும் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் கையெழுத்து. காலண்டரையும் பதிவேட்டையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்ததும் அதிகாரி எதைப் பார்த்தார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது ஒரு உதாரணம், எளிதாகப் பெருக்க வரும்படி எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். அரசாணைப்படி உங்கள் வேலைக்கு மாதம் 13,000 ரூபாய் என்று வைப்போம். இதை நாள் கூலியாக்க 26ஆல் வகுக்க வேண்டும், ஏனென்றால் வார ஓய்வுக்கான காசும் அதற்குள்ளேயே இருக்கிறது. 26ஆல் வகுத்தால் நாளுக்கு 500. ஒப்பந்தக்காரர் என்ன செய்வார், 30ஆல் வகுப்பார், 433 வரும். பிறகு நீங்கள் வந்த 26 நாளுக்கு மட்டும் 433 போட்டு 11,258 என்பார். ஞாயிறு ஞாயிறாக ஓய்வெடுத்ததற்கு நீங்களே 1,742 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்த 26, 30 விளையாட்டு ரொம்பப் பேருக்குப் புரிவதில்லை, வக்கீல்களில் சிலருக்குமே.

அடுத்தது பிஎஃப். 13,000க்கு உங்கள் பங்கு 12 சதவீதம், 1,560 ரூபாய். முதலாளி பங்கு அவர் கையிலிருந்து வர வேண்டும், உங்கள் கூலியில் பிடிக்கக் கூடாது. ஆனால் சம்பளச் சீட்டில் "பிஎஃப் 3,120" என்று ஒரே வரியாக இருக்கும். இரண்டு பங்கும் உங்களுடையதிலிருந்தே. மாதம் 1,742, கூடவே 1,560, பதினாலு மாதம் என்றால் 24,388ம் 21,840ம், மொத்தம் 46,228. இந்த ஒரு எண்ணோடு வக்கீல் வீட்டுப் படி ஏறிப் பாருங்கள், உட்காரச் சொல்வார். உமங் செயலியில் பிஎஃப் பாஸ்புக்கையும் பார்த்துவிடுங்கள், பிடித்ததைக் கட்டாமலே விட்ட மாதங்கள் அதில் காலியாகத் தெரியும். இஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டில் உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான், அதற்கு மேல் பிடித்தால் அதையும் பட்டியலில் சேருங்கள்.

ஆபீஸிலிருந்து காகிதம் பிடுங்குவது

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, சட்டத்தின் 6ஆவது பிரிவே சொல்கிறது. 30 நாளில் பதில் வரவில்லை என்றால் முதல் மேல்முறையீடு, அதற்கப்புறம் மாநிலத் தகவல் ஆணையம்.

"எனக்கு ஏன் குறைவாகத் தருகிறீர்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஏன், எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை, "இது தகவல் வரையறையில் வராது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நகல் கேளுங்கள். ஒர்க் ஆர்டரின் நகல், ஒப்பந்தப் பத்திரத்தில் ஆளுக்கு எவ்வளவு கூலி என்று டெண்டர் போட்டிருக்கிறார்கள் என்ற பக்கத்தின் நகல், இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை பில்லோடு ஒப்பந்தக்காரர் இணைத்த கூலிப் பட்டியலில் என் பெயர் உள்ள வரிகள், பிஎஃப் கட்டிய சலான். "எல்லாருடைய பட்டியலும்" என்று கேட்டால் அடுத்தவரின் தனிப்பட்ட விவரம் என்று மறுப்பார்கள். உங்கள் பெயர் உள்ள வரியை மறுக்க முடியாது. அதனால் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் தனித்தனியாகப் போடுங்கள், நூறு ரூபாய் செலவு.

இன்னொன்று கேளுங்கள், இதை யாரும் கேட்பதில்லை. பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970இன்படி, ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கும்போது அலுவலகத்தின் பிரதிநிதி ஒருவர் எதிரில் நின்று, "என் முன்னிலையில் வழங்கப்பட்டது" என்று கையெழுத்திட்டிருக்க வேண்டும். யார் அந்தப் பிரதிநிதி, அவர் சான்றளித்த பக்கத்தின் நகல் வேண்டும். பில்லில் அந்தக் கையெழுத்து இருந்தால் ஓர் அதிகாரி பொய்யாகச் சான்றளித்திருக்கிறார், இல்லாவிட்டால் சான்றே இல்லாமல் பில் பாஸ் ஆகியிருக்கிறது. நான் பில் பிரிவில் இருந்தவன், இந்த ஒரு கேள்வி மேஜையில் வந்து விழுந்தால் அங்கே என்ன பரபரப்பு நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

கூடவே, கமிஷனருக்கோ செயல் அலுவலருக்கோ பி.டி.ஓ.வுக்கோ கூலி வித்தியாசம் கேட்டு ஒரு கடிதம். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள், தர மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். "ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று பதில் வந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது சட்டப்படி தவறான பதில். ஒப்பந்தக்காரர் தரவில்லை என்றால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது உள்ளாட்சி அமைப்பு, கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். 1970 சட்டத்திலும் அப்படித்தான், 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான்.

யார் உங்கள் வக்கீல்

ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்புக்கும் வழக்கு நடத்த வக்கீல் உண்டு, ஸ்டாண்டிங் கவுன்சில் என்பார்கள். நல்ல மனிதராகக்கூட இருப்பார், தெருவில் பார்த்தால் விசாரிப்பார், "ஒரு மனு எழுதிக் கொண்டா, நான் கமிஷனர்கிட்ட பேசறேன்" என்பார். அவருக்குக் கட்சிக்காரர் அலுவலகம். நீங்கள் அவரிடம் சொல்வது எதுவும் இரகசியம் இல்லை, அதை அலுவலகத்திடம் சொல்வதுதான் அவர் வேலையே. உங்கள் சொந்த வக்கீலிடம் சொன்னதை அவர் உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது, இது சட்டம். அந்தப் பாதுகாப்பு ஆபீஸ் வக்கீலிடம் பேசும்போது உங்களுக்குக் கிடையாது. ஒப்பந்தக்காரர் "செலவு என்னுது" என்று அமர்த்தித் தருகிற வக்கீலும் இதே கதைதான், கவுன்சிலர் சிபாரிசு செய்கிறவர் விஷயத்திலும் கொஞ்சம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் காசுக்கு எங்கே போவது? சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987 சட்டத்தின் 12ஆவது பிரிவில் யாருக்கெல்லாம் இலவச வக்கீல் என்று பட்டியல் இருக்கிறது. பெண்கள், வருமானம் எவ்வளவு இருந்தாலும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர். மாற்றுத்திறனாளிகள். தொழிலாளர் என்று தனிப் பிரிவும் உண்டு, வருமான வரம்புக்குள் இருப்பவர்களும் உண்டு. உள்ளாட்சியில் அடிமட்ட வேலை பார்க்கிறவர்களில் இந்தப் பட்டியலில் வராதவர் அபூர்வம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம், தாலுகா கோர்ட்டில் வட்டக் குழு, போனில் 15100. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே எடுத்துக்கொள்வார்கள். அங்கிருந்து நியமிக்கப்படுகிற வக்கீலுக்குச் சம்பளம் ஆணைக்குழு தரும், உங்களிடம் "டைப்பிங் செலவு" என்று கேட்டால் செயலாளரிடம் சொல்லலாம். இலவச வக்கீல் என்றால் மட்டம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது, நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். காசு வாங்கியும் வாய்தா வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், இலவசமாக வந்து கூலிப் பட்டியலை வரி வரியாகப் பிடித்தவர்களும் இருக்கிறார்கள்.

எந்த வழியில் வந்த வக்கீலானாலும் முதல் சந்திப்பில் நேரடியாகக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். "சார், நீங்க இந்த நகராட்சிக்கோ இந்த ஒப்பந்தக்காரருக்கோ எப்பவாவது ஆஜராகியிருக்கீங்களா?" எதிர்த்தரப்போடு தனக்கிருக்கும் தொடர்பைக் கட்சிக்காரரிடம் தானாகவே சொல்லிவிட வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் மறுதரப்புக்கு ஆஜராகவும் கூடாது. இலவச வக்கீல்கள் பட்டியலில் இருப்பவரே பக்கத்து நகராட்சிக்கு ஸ்டாண்டிங் கவுன்சிலாக இருக்கலாம். அது தப்பில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வேண்டாமென்றால் வேறு ஒருவரைக் கேட்கலாம்.

ஃபீஸ் விஷயம். "இப்ப ஒண்ணும் தர வேண்டாம், ஜெயிச்சா வர்றதுல இருபது பர்சன்ட்" என்பது கேட்க நன்றாக இருக்கும், வழக்கத்திலும் இருக்கிறது. ஆனால் வெற்றியைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதை இங்கே பார் கவுன்சில் விதி தடை செய்திருக்கிறது. எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று பேசி, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

வக்காலத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அச்சடித்த ஃபாரத்தில் பொடி எழுத்தில் "சமரசம் செய்யவும், வழக்கைத் திரும்பப் பெறவும், பணம் பெற்றுக்கொள்ளவும்" என்று அதிகாரம் மொத்தமாக எழுதியிருக்கும். எனக்குத் தெரியாமல் சமரசம் வேண்டாம், பணம் என் கணக்குக்கே வரட்டும் என்று சொல்லி அந்த வரிகளை அடித்துச் சுருக்கொப்பமிடச் சொல்லுங்கள். சங்கடப்படுகிற வக்கீலிடம் ஏன் என்று கேளுங்கள். நிரப்பாத வக்காலத்தில் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். அந்த முப்பத்தேழு பேர் போட்டதும் அப்படிப்பட்டதில்தான், வக்கீல் பெயரைத் தவிர வேறெதுவும் நிரப்பாதது.

நாற்பது பேருக்குச் சேர்த்து ஒரே வக்கீல் வைப்பது செலவுக்கு நல்லது. ஆனால் அந்த நாற்பதில் பத்து வருடக்காரரும் போன வருடம் சேர்ந்தவரும் இருப்பார்கள், "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவரும் இருப்பார். கூலி வித்தியாசத்தில் எல்லோரும் ஒரே பக்கம், சீனியாரிட்டி என்று வந்தால் ஒருவருக்கொருவர் எதிரி. இதைத் தொடக்கத்திலேயே வக்கீலிடம் சொல்லி, எது பொது எது தனி என்று பிரித்துக்கொண்டால் பின்னால் சண்டை வராது.

எங்கே போடுவது

இங்கேதான் வக்கீல் தேவைப்படுகிறார், ஏனென்றால் சட்டமே நடுவில் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஊதியத் தொகுப்பு 2019க்குள் போய்விட்டது. பழைய சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்பார்கள். புதியதில் மூன்று வருடம். இரண்டிலும் பாக்கியோடு சேர்த்துப் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு, அதற்காகப் பத்து மடங்கை நினைத்து வீடு கட்டத் தொடங்காதீர்கள். புதியதில் எனக்குப் பிடித்தது 59ஆவது பிரிவு: கூலி தரவில்லை, குறைவாகத் தந்தார்கள் என்று மனு வந்தால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது வேலையளிப்பவர். உள்ளாட்சி அமைப்பு நடத்துகிற நிறுவனத்தில் அதன் தலைமை நிர்வாகிதான் "வேலையளிப்பவர்" என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் பாக்கி நவம்பருக்கு முன்னும் பின்னும் விரவிக் கிடந்தால் எதை எந்தச் சட்டத்தில் கேட்பது என்பதை வக்கீல் முடிவு செய்யட்டும், அதைத்தான் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

மனு போவது தொழிலாளர் துறைக்கு. நீங்களே போடலாம், பதிவு பெற்ற சங்கம் போடலாம், துறை ஆய்வாளரே போடலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுப்பதும் சரிதான், ஆனால் அங்கே கொடுத்தது இதற்குப் பதிலாகாது. அந்த மனு சுற்றிச் சுற்றி நீங்கள் யார் மேல் புகார் சொன்னீர்களோ அவர் மேஜைக்கே "தக்க நடவடிக்கைக்காக" என்று வந்து சேரும், எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

தொழில் தகராறாகப் போனால், சமரச அதிகாரி முன்னால் வக்கீல் ஆஜராக முடியாது, இரண்டு பக்கத்துக்கும்தான். தீர்ப்பாயத்திலும் எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் வேண்டும். ஆகவே சமரசப் பேச்சில் உங்களுக்காகப் பேசப்போவது சங்கத்து ஆளோ நீங்களோதான். வக்கீலோடு முந்தின நாள் உட்கார்ந்து, 46,228 எப்படி வந்தது என்பதை அவர் இல்லாமல் சொல்லத் தயாராகுங்கள். ஆபீஸ் சார்பில் "லீகல் செக்‌ஷன் சூப்பரின்டெண்டென்ட்" என்று கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு யாராவது வந்தால், அவர் வக்கீலா என்று கேட்டுக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள்.

உயர் நீதிமன்றத்துக்கு ரிட், அதாவது அரசு அமைப்புக்கு உத்தரவிடச் சொல்லி நேரடி மனு, போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம், தென் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனம் 23ஆவது பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பு என்று 1982லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம். "மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கவும்" என்று ஓர் உத்தரவு வாங்கித் தந்து, ஜெயித்துவிட்டோம் என்று இனிப்புக் கொடுப்பார்கள். கமிஷனர் பரிசீலிப்பார், நிராகரிப்பார், மறுபடி ரிட். கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அந்தச் சுற்று எதற்கு என்று வக்கீலிடம் கேளுங்கள்.

"நாளைலேர்ந்து வர வேண்டாம்"

மனுப் போட்ட மறுவாரம் மேஸ்திரி வாய்மொழியாக இதைச் சொல்வார். வீட்டில் இருந்துவிடாதீர்கள். அடுத்த நாள் அதே நேரத்துக்குப் போங்கள், வாசலில் நேரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், "இன்று வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை" என்று அன்றைக்கே கமிஷனருக்கும் தொழிலாளர் துறைக்கும் ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள், வக்கீலுக்கு வாட்ஸாப். இல்லையென்றால் "அவங்களாவே நின்னுட்டாங்க" என்பார்கள். உண்மையிலேயே நிறுத்தினால் மீதிக் கூலியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு.

பணம் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடு என்று ஒரு தாள் நீட்டுவார்கள். குறைந்தபட்சக் கூலி உரிமையை விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, இருந்தாலும் கையெழுத்திட்டபின் இழுத்தடிப்பு அதிகம். பணம் அவசரமாக வேண்டுமென்றால், நம் வீட்டு நிலைமை நமக்குத்தான் தெரியும், வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட "எதிர்ப்புடன், பகுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதி போட்டு, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத விடவில்லை என்றால் அதையும் அன்றைக்கே கடிதமாக அனுப்புங்கள்.

உத்தரவு வந்து பணம் கட்டுகிறோம் என்று சொல்லும் நாளில், மனுவைத் திரும்பப் பெறும் தாளை முதலில் கேட்பார்கள். பேங்க் மெசேஜ் வரட்டும், உமங்கில் விடுபட்ட மாதங்களின் பிஎஃப் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பேனாவை எடுங்கள்.